தீபத்துல் மஹல்: ஒரு பெயரும் அதன் வாசிப்புகளும்

மாலத்தீவுக் குடியரசின் அரசு இலச்சினையைப் பார்த்தவர்கள் அதன் அடியிலுள்ள பட்டையையும் கவனித்திருக்கக்கூடும். தென்னை மரமும் பிறையும் நட்சத்திரமும் இரு கொடிகளும் அமைந்த அச்சின்னத்தின் கீழே, நஸ்க் எழுத்தில், ‘அத்தவ்லத்துல் மஹல்தீபிய்யா’ என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. ‘மஹல்தீப் அரசு’ என்பது இதன் பொருள். அதே நாட்டைப் பற்றி இன்றைய அரபு நாளிதழ் எதை எடுத்துப் படித்தாலும் அங்கே காணப்படுவது ‘ஜுஸுருல் மால்தீஃப்’ என்னும் சொல். ஐரோப்பிய மொழிகளின் உச்சரிப்பை அரபெழுத்தில் பெயர்த்து எழுதியதே இந்த ‘மால்தீஃப்’. அரபியர் கொடுத்த பெயரை அரபு பேசாத ஒரு நாடு தன் இலச்சினையில் காத்து வைத்திருக்க, அரபியரோ அதைக் கைவிட்டு ஐரோப்பியரிடம் கடன் வாங்கிய பெயரால் அந்நாட்டை அழைக்கிறார்கள். இந்த முரண் நமக்கு வெறும் வேடிக்கையாகத் தோன்றினால், தமிழில் நாமும் இதையேதான் செய்துகொண்டிருக்கிறோம் என்பதை மறந்துவிட்டோம் என்று பொருள்.

தமிழில் அந்நாட்டுக்கு மூன்று நான்கு வடிவங்கள் வழங்குகின்றன. தமிழகத்தில் மாலத்தீவு, இலங்கையில் மாலைதீவு, சிலரிடம் மாலைத்தீவுகள், மால்தீவ்ஸ். வடிவ வேற்றுமையை யாரும் குறையாகச் சொல்லப் போவதில்லை. அவ்வடிவங்களோடு சேர்த்து ஒட்டப்படும் பொருள் விளக்கமே நம் கவலை. ‘மாலை போல் கோக்கப்பட்ட தீவுகள் ஆதலால் மாலைத்தீவு’ என்று ஒருவர் எழுதுகிறார். ‘மஹல் என்றால் அரண்மனை, ஆகவே அரண்மனைத் தீவு’ என்று மற்றொருவர். 2024 ஜனவரியில் இலட்சத்தீவையும் மாலத்தீவையும் எதிரெதிரே நிறுத்தி நம் நாட்டில் பெரும் சர்ச்சை எழுந்தபோது இவ்விளக்கங்கள் மீண்டும் ஒரு சுற்று வலம்வந்தன. இரண்டையும் நிறுத்திப் பார்ப்பதற்கு அரபு நூல்கள் நம் கையில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களே அவற்றைத் திறந்து பார்க்காததுதான் வருத்தத்துக்குரியது.

முதலில் ‘தீபு’. இது அரபுச் சொல் அன்று. ‘த்வீப’ என்ற வடசொல் பிராகிருதத்தில் ‘தீவ’ ஆகி, தமிழில் ‘தீவு’ என்றும், அரபியரின் நாவில் ‘தீப்’ என்றும் நின்றது. நம் புலவர்களும் ஆலிம்களும் நன்கு அறிந்த ‘ஸரந்தீப்’ என்ற பெயரின் ஈற்றில் இருப்பதும் இதுவே. ஹிஜ்ரி 237-இல், அதாவது கி.பி. 851-இல், தொகுக்கப்பட்ட ‘அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்’ என்னும் வணிகர் குறிப்பு நூல், ஹர்கந்த் கடலுக்கும் லாரவிக் கடலுக்கும் இடையே சுமார் 1900 தீவுகள் இருப்பதாகவும், அவற்றை ஒரு பெண் ஆள்வதாகவும், அவற்றுக்குப் பெயர் ‘தீபஜாத்’ என்றும் கூறுகிறது. ‘தீபு’க்கு அரபு முறையில் ஒரு பன்மை கட்டினால் தீபஜாத்; அவ்வளவே. ‘தீவுகள்’ என்பதைத் தவிர அச்சொல்லில் வேறு பொருள் இல்லை.

அல்பிரூனி கி.பி. 1030 அளவில் எழுதிய ‘கிதாபுல் ஹிந்த்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. அவர் இத்தீவுகளை விளைபொருளால் இரண்டாகப் பிரிக்கிறார். சோழி எடுக்கப்படுவது ‘தீவ கூத’. தென்னை நார்க்கயிறு திரிக்கப்படுவது ‘தீவ கன்பார்’. ஒன்றுக்கு நாணயம், மற்றொன்றுக்குக் கயிறு. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மரக்கலங்களில் பயணம் செய்தவர்களுக்கு இந்தப் பாகுபாடு எவ்வளவு இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெயரில் மாலையும் இல்லை, மாளிகையும் இல்லை. அல்பிரூனியிடம் கவனிக்கவேண்டிய இன்னொரு செய்தி உண்டு. இத்தீவுகள் கடலிலிருந்து மணல் திட்டாக எழுந்து, வளர்ந்து, கெட்டிப்பட்டு, பின் தேய்ந்து, கரைந்து, கடலுள் மறையும் என்கிறார் அவர். தேய்வதை உணர்ந்த மக்கள் புதிதாக எழுந்துவரும் ஒரு தீவைத் தேடித் தம் தென்னையையும் தானியத்தையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் எடுத்துக்கொண்டு குடிபெயர்வார்களாம். 2009 அக்டோபர் 17-ஆம் நாள் அந்நாட்டு அமைச்சரவை கடலுக்கடியில் கூடி உலகத்தாரை எச்சரித்தபோது இந்தப் பக்கத்தை நினைவுகூர்ந்தவர் நம்மிடையே எத்தனை பேர் என்று தெரியவில்லை. இன்று குடிபெயரப் புதுத் தீவு எழுந்துவரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஆக, ‘மஹல்’ என்னும் முன்னொட்டு இப்பழைய இரு நூல்களிலும் இல்லை. அது விளக்கமாக நம் கைக்குக் கிடைப்பது இப்னு பதூதாவிடம். கி.பி. 1343-இன் இறுதியில் அங்கு சென்று, சில மாதங்கள் காழியாக இருந்து, மணமுடித்து, பகைகொண்டு, 1344-இல் வெளியேறியவர் அவர். அவர் இத்தீவுக் கூட்டத்தைத் ‘தீபத்துல் மஹல்’ என்கிறார். அதன் நிலப்பகுதிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டு வரும்போது, ‘மஹல்’ என்பது அவற்றுள் ஒன்றென்றும், முழுத் தீவுக் கூட்டத்துக்கும் அதனால்தான் பெயர் வந்ததென்றும், அரசர்கள் உறைவது அங்கேயே என்றும் தெளிவாக எழுதியிருக்கிறார். இன்றைய தலைநகர் மாலேதான் அது. ஆகவே ‘தீபத்துல் மஹல்’ என்றால் ‘மாலேயின் தீவுகள்’. ஓர் ஊரின் பெயர் நாட்டுக்கு ஆகிவந்தது. இதற்குமேல் மர்மம் எதுவும் இல்லை.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் கல்லூரியில் ‘ரிஹ்லா’வின் இப்பகுதியைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தேன். வாசித்த மாணவர் ‘தீபத்’ என்ற சொல்லில் நின்று, ‘பெண் ஓநாய்’ என்று பொருள் சொல்ல, வகுப்பு முழுவதும் சிரித்தது. மாணவர் மீது பிழை இல்லை. இப்னு பதூதாவே, இச்சொல் ‘தீப்’ (ஓநாய்) என்பதன் பெண்பால் வடிவில் உச்சரிக்கப்படும் என்று எழுதுகிறார். உச்சரிப்பைக் காட்டுவதற்காகச் சொன்ன ஒப்புமையை மாணவர் பொருளாக எடுத்துக்கொண்டார். ‘அலா லஃப்ள்’ என்ற சொற்றொடருக்கும் ‘பிமஃனா’ என்ற சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி அவரைத் திருத்திவிட்டு, அதே மூச்சில், ‘மஹல் என்றால் அரண்மனை, மாளிகை, தாஜ் மஹல் போல’ என்று நான் சொல்லிவிட்டேன். மறுநாள் அந்த மாணவர் பெய்ரூத் பதிப்பைத் திறந்து என் மேசையில் வைத்தார். ஓநாய் பற்றிய அதே வரியின் மறுபாதியில் இப்னு பதூதா, ‘மீமுக்கும் ஹாவுக்கும் ஃபத்ஹா’ என்று எழுத்தெழுத்தாகச் சொல்லியிருந்தார். அவர் பெயர் சொன்ன ஹா, ‘ஹவ்வஸ்’ வரிசையின் ஹா. இடத்தையும் தங்குமிடத்தையும் குறிக்கும் அரபுச் சொல்லிலும், மாளிகையைக் குறிக்கும் உருதுச் சொல்லிலும் வருவது ‘ஹுத்தி’ வரிசையின் ஹா. தொண்டையின் நடுவிலிருந்து வரும் எழுத்து வேறு, தொண்டையின் அடியிலிருந்து வரும் எழுத்து வேறு என்று தஜ்வீத் வகுப்பில் பத்து வயதுச் சிறுவருக்கு நாம் சொல்லிக்கொடுக்கிறோம். அதை ஒரு பெயரைப் படிக்கும்போது நானே மறந்திருந்தேன்.

இந்தச் சிறு வேற்றுமையின் எடை பெரிது. இப்னு பதூதா தாஞ்சியரில் பிறந்தவர், அரபுக் கல்வியில் வளர்ந்தவர், நீதிமன்றத்தில் அமர்ந்தவர். ‘இடம்’ என்பதற்குரிய பழகிய அரபுச் சொல்லைத் தீவினரின் வாயில் அவர் கேட்டிருந்தால், பழகிய எழுத்திலேயே அதை எழுதியிருப்பார். அந்நியச் சொல்லாக அவர் காதில் விழுந்ததனால்தான் மெல்லிய ஹாவைக் கொண்டு எழுதி, அதற்கு உயிர்க்குறியையும் சொல்லி வைத்தார். அறியாத பெயரைத்தான் நாம் எழுத்துக் கூட்டிச் சொல்வோம். அறிந்த பெயரை யாரும் எழுத்துக் கூட்டிச் சொல்வதில்லை. என் எண்ணத்தில், ‘மாலே’ என்ற உள்ளூர்ப் பெயரின் நெட்டுயிரில் அவர் கேட்ட மூச்சொலியையே அந்த ஹா காட்டுகிறது. இது என் ஊகமே. ஆனால் அரண்மனை அங்கே இல்லை என்பது ஊகமன்று.

இலச்சினையில் இருப்பதோ ‘ஹுத்தி’யின் ஹா! இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்நியமாகத் தோன்றிய எழுத்தைப் பிற்காலத்துக் கற்றோர் பழகிய அரபுச் சொல்லின் பக்கம் இழுத்து ‘திருத்தி’யிருக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன். கற்றோர் செய்யும் பிழைகள் பாமரரின் பிழைகளைவிட நீண்ட காலம் வாழ்பவை. ஒரு நாடு தன் முத்திரையில் ஏற்றுக்கொண்ட வடிவத்தை மாற்றச் சொல்லும் தகுதி நமக்கு இல்லை. ஆனால் அதைச் சான்றாகக் காட்டி ‘அரண்மனைத் தீவு’ என்று எழுதுவதற்கும் நமக்கு உரிமை இல்லை.

தமிழெழுத்தில் இரண்டு ஹாக்களுக்கும் ஒரே ‘ஹ’ என்பது இங்கே நமக்கு நேரும் இடர். ஆங்கிலம் வழியாக வரும் மொழிபெயர்ப்பாளருக்கும் இதே இடர்தான். அறிஞர் பதிப்புகளில் ஓர் எழுத்தின் அடியில் இடப்படும் புள்ளியை அவர் பொருட்படுத்தமாட்டார். நம் முன்னோர் அரபுத்தமிழில் எழுதியபோது இச்சிக்கல் எழவே இல்லை. பெயர் தன் எழுத்தோடு தமிழ் வாக்கியத்துக்குள் வந்து அமர்ந்தது. அரபுத்தமிழைப் பழம்பெருமையாகப் பேசுகிறோம். அது ஒரு கருவியாக எவ்வளவு கூர்மையானது என்பதைப் பேசுவதில்லை.

இனி மாலை. வடமொழி ‘மாலா த்வீப’ என்பதிலிருந்து பெயர் வந்தது என்ற கருத்தை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. மதிப்புக்குரிய சிலர் அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஒலி பொருந்துகிறது. ஆனால் ஒலி பொருந்துவது போதுமா? மாலை வடிவம் நிலப்படத்தில் மட்டுமே தெரிவது. மாலத்தீவின் இயற்கையான உயர்ந்த இடமே இரண்டரை மீட்டருக்கு உட்பட்டது. மரக்கலத்தில் வருபவன் கண்ணுக்கு முதலில் தெரிவன தென்னை உச்சிகள். அவையும் அடுத்த தீவைக் காட்டாமல் மறைக்கின்றன. வடக்குத் தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இரட்டைச் சரத்தை ஒரே பார்வையில் கண்டவன் எவனும் அன்று இல்லை. மேலும், அம்மக்கள் தம்மை மாலைத்தீவினர் என்று சொல்லிக்கொள்வதில்லை. தம் நாட்டை அவர்கள் ‘திவேஹி ராஜ்ஜே’ என்பார்கள். ‘திவேஹி’ என்றால் தீவுக்குரியவர், ‘ராஜ்ஜே’ என்றால் இராச்சியம். அல்பிரூனியின் ‘தீவ’ அப்படியே அங்கு உயிரோடு இருக்கிறது. ‘மகிலா தீவு’, அதாவது பெண்கள் தீவு, என்று பழைய பாலி நூல் ஒன்றின் குறிப்பைக் கொண்டு விளக்குவோரும் உண்டு. அரசிகள் ஆண்டது உண்மை. இப்னு பதூதா சென்றபோது அரியணையில் இருந்தவர் கதீஜா என்ற அரசி. அதனால் பெயரும் அதிலிருந்து வந்தது என்று முடிப்பது, கண்ணுக்குத் தெரிந்ததை வேருக்குள் தேடுவது.

தமிழுக்கென்று ஒரு பழைய பெயர் இருந்ததையும் நாம் நினைவில் வைக்கவில்லை. முதலாம் இராசராசனின் இறுதி ஆண்டுகளைச் சேர்ந்த மெய்க்கீர்த்தியில் அவன் வென்றவற்றுள் ‘முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்’ இடம்பெறுகிறது. அது மாலத்தீவுக் கூட்டம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. பன்னீராயிரம் என்பது சோழப் புலவரின் உயர்வு நவிற்சி என்று எண்ணிவிடலாகாது. அறுநூறு ஆண்டுகள் கழித்து, 1602-இல் கப்பல் உடைந்து அத்தீவுகளில் அகப்பட்ட பிரெஞ்சுக்காரர் பிரார் தெ லவால், அந்நாட்டு சுல்தான் தம்மைப் பதின்மூன்று அத்தொளுக்களுக்கும் பன்னீராயிரம் தீவுகளுக்கும் அதிபதி என்று சொல்லிக்கொள்வதைப் பதிவுசெய்திருக்கிறார். உண்மையில் இருப்பவை ஏறத்தாழ 1200. பத்து மடங்கு மிகையான ஓர் எண், கல்வெட்டிலும் அரசப் பட்டத்திலும் ஒன்றுபோல் இருப்பது தற்செயலாகாது. அது அத்தீவினரே வழங்கிய எண். சோழர் அதைக் காதால் கேட்டு எழுதினர் என்றே கொள்ளத் தோன்றுகிறது. (36 தீவுகளே உள்ள நம் இலட்சத்தீவு, 1973-இல் அப்பெயரை அதிகாரபூர்வமாக ஏற்றது. கடல் எண்களைக் கணக்காயர் பார்வையில் படிக்கக் கூடாது போலும்.) போகிற போக்கில் ஒன்று: ‘அத்தொளு’ என்னும் திவேஹிச் சொல்தான் பிரார் வழியாக ஐரோப்பா சென்று ‘அட்டால்’ ஆகி, இன்று நம் புவியியல் பாடநூலுக்குள் ஆங்கிலச் சொல்லாக வந்திருக்கிறது.

தலைநகரின் பெயரைத் தமிழில் ‘மாலி’ என்று அச்சிடும் வழக்கம் இதைவிடக் கேடானது. மாலி ஆப்பிரிக்காவில் உள்ள ஒரு முஸ்லிம் நாடு. இவ்விரண்டையும் பார்த்த ஒரே பழம் பயணி இப்னு பதூதாதான் என்பது இதிலுள்ள வியப்பு. மஹலில் நான்கு லட்சம் சோழிக்கு ஒரு பொன் தீனார் என்ற விலையைக் கண்டவர், பல ஆண்டுகள் கழித்து மாலியில் அதே சோழி 1150-க்கு ஒரு தீனாராக விற்பதைக் கண்டு குறித்துவைத்தார். ஒரு சோழியின் பயணத்தில் இரு முனைகளாக நிற்கும் ஊர்களை ஓரெழுத்துப் பிழையால் ஒன்றாக்கிவிட்டால், அந்த ஒப்பீட்டின் முழுப் பொருளும் போய்விடுகிறது.

எழுத்தும் புள்ளியும் வெறும் இலக்கணச் சண்டை என்போருக்கு அத்தீவுகளே ஒரு பதிலை வைத்திருக்கின்றன. அங்கு இஸ்லாம் அரச மார்க்கமானது ஹிஜ்ரி 548-இல், கி.பி. 1153-இல். மன்னரைக் கலிமாவுக்கு அழைத்தவர் யார்? மாலேப் பள்ளிவாசலின் மரப்பலகை எழுத்தைத் தாம் படித்ததாகக் கூறும் இப்னு பதூதா, அவர் ‘அபுல் பரகாத் அல்பர்பரீ அல்மஃக்ரிபீ’ என்கிறார். அந்நாட்டு வரலாற்றை அரபியில் எழுதிய ஹஸன் தாஜுத்தீனின் ‘தாரீக்’, அவரைத் ‘தப்ரீஸீ’ என்கிறது. ஒன்று மொராக்கோ, மற்றது ஈரான். ஆனால் புள்ளிகளை நீக்கிவிட்டு இரு சொற்களையும் எழுதிப் பாருங்கள். ‘அல்பர்பரீ’யில் ஒரு பல் குறைவு, ‘அத்தப்ரீஸீ’யில் ஒரு பல் கூடுதல், அவ்வளவே வேறுபாடு. மரத்தில் செதுக்கிய எழுத்தில், கடற்காற்றில் தேய்ந்த ஒரு பல்லும் நான்கைந்து புள்ளிகளும் ஒரு மனிதரின் தாயகத்தை ஆயிரக்கணக்கான மைல் நகர்த்துகின்றன.

‘பர்பரீ’ என்றே கொண்டாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. இன்றைய சோமாலியக் கரை மக்களையும் இப்னு பதூதா ‘பர்பரா’ என்றே எழுதுகிறார். ஆகவே அபுல் பரகாத் செங்கடல் வாயிலிலிருந்து வந்தவராக இருக்கலாம் என்று வாதிடுவோர் உளர். வணிகப் பாதையை நோக்கினால் அது பொருத்தமே. ஆனால் அந்தப் பர்பரா மக்கள் ஷாஃபிஈகள் என்று இப்னு பதூதாவே சொல்கிறார். மாலத்தீவிலோ 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹள்ரமவ்த்தில் பயின்று வந்த முஹம்மத் ஜமாலுத்தீன் ஷாஃபிஈ மத்ஹபைக் கொண்டுவரும் வரை மாலிகீ மத்ஹபே நிலவியது என்பது அந்நாட்டு மரபு. மாலிகீ மத்ஹப் மஃக்ரிபைச் சுட்டுகிறது. இப்னு பதூதா தம் ஊர்க்காரருக்குச் சார்பாகப் படித்திருக்கக்கூடும் என்ற ஐயத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் இந்த மத்ஹபுச் சான்று அவர் பக்கமே சாய்கிறது. தப்ரீஸீ என்போர் இதற்கு விடை கூறவேண்டும். நம் மீலாத் மலர்களிலும் வரலாற்றுக் கட்டுரைகளிலும் இந்த இரு பெயர்களும் இரு வேறு மனிதர்களாக அடுத்தடுத்த பக்கங்களில் உலவுவதைப் பார்க்கும்போது, எழுதியவர் எந்த வாசிப்பையும் திறந்து பார்க்கவில்லை என்பது விளங்கிவிடுகிறது.

‘பிரபலமான பிழை, கைவிடப்பட்ட சரியைவிட மேல்’ என்று அரபு ஆசிரியர்களிடையே ஒரு வழக்கு உண்டு. வழக்காற்றைப் பற்றி அது சரியே. ‘தீபத்துல் மஹல்’ என்று இனி நாளிதழில் எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லப்போனால், தமிழில் வழங்கும் ‘மாலத்தீவு’ அரபியரின் ‘மால்தீஃப்’பைவிட மூலத்துக்கு நெருக்கமானது. ‘மாலே’யும் ‘தீவு’ம் அதில் சிதையாமல் இருக்கின்றன. ‘மாலை’ என்ற ஐகாரத்தைச் சேர்த்தவுடன்தான் பூ வாசம் வீசத் தொடங்குகிறது. அந்த ஐகாரத்தை விட்டுவிடுவதும், தலைநகரை ‘மாலே’ என்றே எழுதுவதும், இப்னு பதூதாவைத் தமிழாக்குவோர் அவர் கூட்டிச் சொன்ன எழுத்துகளை ஒரு குறிப்பிலாவது தருவதும் கடினமான காரியங்கள் அல்ல.

நம் எல்லைக்குள்ளேயே இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. இலட்சத்தீவின் தென்கோடியில் உள்ள மினிக்காய் மக்கள் தங்கள் தீவை ‘மலிக்கு’ என்கிறார்கள், பேசுவது திவேஹி. இந்திய அரசு வழக்கில் அம்மொழிக்குப் பெயர் ‘மஹல்’. இப்னு பதூதா எழுத்துக் கூட்டிய அதே சொல், மாலேயிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே, ஒரு மொழியின் பெயராக நம் அரசுப் பதிவேடுகளில் நிற்கிறது. அதை ‘அரண்மனை மொழி’ என்று விளக்கி ஒருவர் கட்டுரை எழுதுவதற்கு முன், ரிஹ்லாவின் அந்த ஒரு வரியை அவர் படித்துவிட வேண்டும்.